எண்ணெய்ச் சட்டி ஏறாத பதினாறு நாள்

கோவர்த்தனனுக்குச் சோற்றோடு பொரித்தது ஏதாவது இருந்தே ஆக வேண்டும். வெறும் குழம்பும் கீரையுமாகத் தட்டு வந்தால் முதலில் தட்டைப் பார்ப்பான், அப்புறம் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான். "இன்னாடி, யாராச்சும் பூட்டாங்களா?" என்பான். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அதை வைத்துத்தான் இந்த நக்கல். கல்யாணமாகி இருபது வருஷமாக இதே நக்கல்தான். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரி அவனே சிரித்துக்கொள்வான். ஸ்வர்ணலதா அடுப்படிக்குப் போய் நாலு அப்பளமாவது பொரித்துக்கொண்டு வருவாள்.

அவள் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். பத்தாவது முடித்ததோடு படிப்பை நிறுத்தித் திருப்பதியில் கட்டிக்கொடுத்தார்கள். வேறு எதிலும் அவள் பேர் எடுக்கவில்லை, எடுக்க யாரும் விடவுமில்லை. ஆனால் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்க்க மாட்டாள், வாசனையிலேயே தெரிந்துவிடும். தெருவில் காதுகுத்து, சீமந்தம் என்றால் "ஸ்வர்ணாவ கூப்புடுங்க" என்பார்கள். கூப்பிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். பந்திக்குக் கூப்பிடத்தான் மறந்துபோவார்கள். சனங்கள் புத்தி அவ்வளவுதான், விடுங்கள்.

இத்தனை பேருக்குப் பொரித்துப் போட்டவள் பெற்ற தகப்பனுக்கு ஒரு வடை போட்டுக் கொடுத்ததில்லை. சடகோபன் பழைய மனுஷன். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். வருஷத்துக்கு ஒரு முறை வேர்க்கடலையோ மாங்காயோ மூட்டை கட்டிக்கொண்டு புத்தூரில் பஸ் மாறி வருவார். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்காருவார். கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார். பையன் யஸ்வந்த் பிறந்த பிறகாவது சாப்பிடு நைனா என்று கெஞ்சிப் பார்த்தாள். "நீ அங்க வந்து செஞ்சி போடு, வவுறு ரொம்பத் துன்றேன்" என்றார். அங்கே போய் எப்போது செய்ய? காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும், இங்கே ஒருத்தன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு பகலிலும் அம்மா அடுப்பை விட்டுக் கொடுக்க மாட்டாள். "ஒரு நாளாச்சும் உக்காந்து துன்னுடி" என்பாள். அடுத்த தடவை ஆகட்டும், அடுத்த தடவை ஆகட்டும் என்றே இருபது வருஷம் ஓடிப்போனது.

போன வருஷம் கோவர்த்தனனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். எண்ணெயைத் தொடாதே என்றார் டாக்டர். நாக்கைக் கட்டுகிற ஆளா அவன்? பதினைந்தாம் நாள் ஆட்டோவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. ஏர் ஃபிரையர். கறுப்பாக, மொழுமொழுவென்று, கைப்பிடியை இழுத்தால் கூடை ஒன்று வெளியே வருகிற பெட்டி. "இனிமே எல்லாம் இதுலதான். நெஞ்சும் பொழைக்கும், நாக்கும் பொழைக்கும்" என்றான். நாக்கும் நெஞ்சும் அவனுடையவை. கற்றுக்கொள்ள வேண்டியது யார் என்று கேட்கத் தேவையில்லை.

முதல் நாள் உளுந்து வடை மாவைத் தட்டிக் கூடையில் வைத்தாள். மாவு அத்தனையும் ஓட்டை வழியாக ஒழுகி அடியில் தீய்ந்து ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் ஊற வைத்துச் சுரண்டினாள். "உனக்கு இன்னாத்துக்குடி மிஷினு, கல்லும் கட்டையும் போதும்" என்று திட்டினான். அவள் விடவில்லை. தளர்ந்த மாவு இதற்கு ஆகாது, பருப்பைக் கெட்டியாக அரைத்த மசால் வடை நிற்கும் என்று கண்டுபிடித்தாள். உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டு எடுத்துத் துணியில் ஒற்றி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டி, நூற்றெண்பது டிகிரியில் பதினைந்து நிமிஷம் வைத்து, நடுவில் ஒரு தடவை கூடையைக் குலுக்கினால் மொறுமொறு என்று வரும். கோழிக்குத் தயிரும் இருநூறும். இரண்டே மாதத்தில் பெட்டி அவள் சொன்னபடி கேட்டது. தெருப் பெண்கள் வந்து கேட்டுப் போனார்கள். கூடை 'டிங்' என்றதும் போன் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பான் கோவர்த்தனன். போட்டோ பிடித்து, 'இன்றைய ஸ்பெஷல்' என்று ஸ்டேட்டஸ் வைப்பான். அவள் கை நகம்கூட அதில் தெரியாது.

மாசி மாசம் ஒரு புதன்கிழமை காலையில் போன் வந்தது. மோட்டார் போடப் போன சடகோபன் வரப்பிலேயே விழுந்துவிட்டார். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு, ஸ்வர்ணலதாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள் அம்மா சுந்தரம்மா. அவர்கள் வழக்கம் ஒன்று உண்டு. பதினாறாம் நாள் துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டியைத் திரும்ப ஏற்றுவது மூத்த மகள். அவள் கையால் போட்ட முதல் வடைதான் செத்தவருக்குப் படையல். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்த மகள் நடுவில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கவுச்சி தொடக் கூடாது. "உன் வூட்லயும் ஏத்தாத. பதினாறு நாள் பல்ல கடிச்சிக்கினு இரு. நைனாக்கு நீ போடற மொத வடை" என்றாள் அம்மா.

ஸ்வர்ணலதா அழுதாள். துக்கத்தில் மட்டுமல்ல. உயிரோடு இருக்கும்போது கிடைக்காதது செத்த பிறகாவது கிடைக்கிறதே என்றும் அழுதாள். அவருக்கு ஒரு வடை. அவள் கையால். இந்தப் பதினாறு நாளில் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

யஸ்வந்துக்கு இன்டர், அதாவது பிளஸ் டூ பரீட்சை. அதனால் நாலாம் நாளே திருப்பதிக்கு வந்துவிட்டாள். வந்ததும் புருஷனிடம் கேட்டாள். இருபது வருஷத்தில் அவனிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"பன்னெண்டு நாள்தாங்க. எண்ண சட்டி மட்டும் ஏத்த வேணாம். ரசம், கூட்டு, எது வேணும்னாலும் செஞ்சி தரேன்."

கோவர்த்தனன் பேசுவதற்குள் அவன் அக்கா சுலோசனா முந்திக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளி வீடு, சாப்பாடு இங்கே. ஸ்வர்ணலதா நாத்தனாரைத் தெலுங்கில் 'வதினா' என்றுதான் கூப்பிடுவாள், அந்தத் தெருவில் பாதி உறவு தெலுங்குதான். "கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தான் தீட்டு. எங்க வூட்டுக்கு அதுவும் இல்ல. உங்க நைனா செத்ததுக்கு என் தம்பி இன்னாத்துக்குப் பத்தியம் இருக்கணும்?" என்றாள்.

"வுடுக்கா, வாய்வுட்டுக் கேக்குது" என்றான் கோவர்த்தனன். பெரிய மனசு! தர்மப் பிரபு! அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு ஸ்வர்ணலதா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரிய மனசு மூன்று நாள் தாங்கியது. ரசம், புடலங்காய்க் கூட்டு, முள்ளங்கி சாம்பார். ஏழாம் நாள் மத்தியானம் தட்டைப் பார்த்தான். வழக்கமான கேள்வி வாய் வரைக்கும் வந்திருக்க வேண்டும், விழுங்கிக்கொண்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். அலமாரிப் பக்கம் துணி போட்டு மூடியிருந்த ஏர் ஃபிரையர் அவன் கண்ணில் பட்டது.

அவன் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறவன். எழுத்தில் ஊசி நுழைய இடம் இருந்தால் வீட்டு மனையையே அதற்குள் ஓட்டிக்கொண்டு போகிற தொழில்.

"உங்கம்மா இன்னா சொன்னாங்க? எண்ண சட்டி ஏத்தக் கூடாது. சரிதான?"

"ஆமாங்க."

"இது சட்டியா? இல்ல. அடுப்புல ஏறுதா? இல்ல. கரண்டுல ஓடற பொட்டி. காத்துல வேகுது. அந்தே!" அவ்வளவுதான் என்று தெலுங்கில் முடித்துக் கையைத் தட்டினான். சுலோசனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "என் தம்பி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றாள்.

"அதுவும் பொரிக்கறதுதானங்க" என்றாள் ஸ்வர்ணலதா.

"எண்ணயே இல்லாம இன்னா பொரிப்பு? ஆடு மேய்க்கற ஊர்ல பொறந்துட்டு எனக்குச் சட்டம் சொல்றியா?"

யஸ்வந்த் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். "உருளைக்கெழங்கு மட்டும்மா. நாலு நாளா ஒண்ணும் எறங்கல."

பையன் கேட்டதும் அவள் மனசு இளகிவிட்டது. சட்டி இல்லைதானே என்று அவளும் தனக்கே சொல்லிக்கொண்டாள். பிரட்டுகிற அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயைக்கூட விடாமல் வறட்டு உருளைக்கிழங்கை வைத்து எடுத்தாள். கோவர்த்தனன் வாயில் போட்டுத் துப்பினான். "காகிதம் மாதிரி கீது." மறுநாள் ஒரு ஸ்பூன் விட்டாள். ஒன்பதாம் நாள் மசால் வடை. பத்தாம் நாள் வாழைக்காய். துணி போட்டு மூடுவதை நிறுத்திவிட்டாள், எடுத்து எடுத்து மூட யாரால் முடியும்?

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோவர்த்தனன் கோழிக்கறியோடு வந்தான்.

ஸ்வர்ணலதா பையை வாங்கவில்லை. "கவுச்சி வேணாங்க. இன்னும் நாலு நாள்தான். நான் படையல் போடணும். உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன்."

"உன்னயா துன்னச் சொன்னேன்? நாங்கதான துன்றோம்? உங்கப்பன் செத்ததுக்கு நீ அழு, என் வவுறு இன்னாத்துக்கு அழணும்?"

பாவி, அன்றைக்கு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பையைத் தூக்கி வாசலில் எறிந்திருக்கலாம். இருபது வருஷமாக நீட்டியதை வாங்கிப் பழகிய கை, வாங்கிக்கொண்டது. கழுவினாள். தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எல்லாம் போட்டுப் பிசைந்தாள். இருநூறில் வைத்தாள்.

வாசனை வந்தது. அவள் பன்னிரண்டு நாளாக ஒரு வேளைச் சோறும் மோரும்தான். கூடையை இழுத்தபோது, "உப்பு கரெக்டா கீதா பாரு" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தான். இருபது வருஷமாக அந்தக் குரலுக்கு ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவாள். போட்டாள். மென்றாள். விழுங்கிய பிறகுதான் உறைத்தது. ருசியாக இருந்தது. அதுதான் கொடுமை. கை தானாகப் போய் இன்னொரு துண்டை எடுத்தது. அதையும் தின்றாள். அப்புறம் தொட்டியடியில் நின்று வாயைக் கொப்பளித்தாள், விரல் விட்டுக் கொப்பளித்தாள். போனது போனதுதான்.

கோவர்த்தனன் போட்டோ பிடித்தான். 'எண்ணெய்ச் சட்டி ஏற்றாமலே சிக்கன் 65! மாமனாருக்கு மரியாதை!' என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி இரண்டு போட்டு ஸ்டேட்டஸ் வைத்தான். ஆபீஸ் ஆட்கள் பதிலுக்குச் சிரித்தார்கள். இன்னும் யார் யார் பார்ப்பார்கள் என்று அந்தச் சட்டப்புலிக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் வியாழக்கிழமை. பிறந்த வீட்டுக்குப் பின்னால் கல் அடுப்பு மூட்டியிருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டி, புது எண்ணெய். ஸ்வர்ணலதா தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். உளுந்து மாவைத் தானே ஆட்டியிருந்தாள். எண்ணெய் காய்ந்த வாசனை வந்தது. வாழை இலைத் துண்டில் தண்ணீரைத் தொட்டு மாவை வைத்துத் தட்டினாள். நடுவில் விரலை விட்டாள்.

"அக்கா, எந்திரி."

தம்பி மோகன்ராஜ் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி அக்ஷயா.

"இன்னாடா? எண்ண காஞ்சிக்கினு கீது."

அவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். கூடை நிறையச் சிவப்புச் சிவப்பாகக் கோழி. மேலே எழுத்து. அக்ஷயா அந்த ஸ்டேட்டஸை அன்றைக்கே படமாகப் பிடித்து வைத்திருந்தாள்.

"நாலு நாளா வச்சிக்கினு கீறேன். நீயே வந்து சொல்வேன்னு பாத்தேன். நைனா வெந்து பன்னெண்டு நாள் ஆவல, அதுக்குள்ள உங்க வூட்ல கோழி. அதுல மரியாதைன்னு ஒரு சிரிப்பு வேற." சாமியானாவின் கீழ் உட்கார்ந்திருந்த பங்காளிகள் எல்லாரும் திரும்பினார்கள். மோகன்ராஜ் கோவர்த்தனனைக் கூப்பிட்டான். "மாமா, இது இன்னான்னு நீங்களே சொல்லுங்க."

கோவர்த்தனன் வந்தான், போனைப் பார்த்தான். முதலில் "சட்டி ஏத்தல மோகனு, நல்லா விசாரிச்சிப் பாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்ததும் அவன் குரல் மாறியது. "நான் வேணாம்னுதாம்பா சொன்னேன். புள்ள பசியாக் கெடக்குதுன்னு அவதான் செஞ்சா. கேட்டுப் பாரு." யஸ்வந்த் தன் போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பெற்ற பிள்ளை!

சுந்தரம்மா வந்தாள். பொட்டு இல்லாத நெற்றி. மகள் பக்கத்தில் குந்தினாள்.

"நீயா செஞ்ச?"

"நாந்தாம்மா."

அம்மா சாமியானாப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "செய்யச் சொன்னா பொம்பள இன்னா பண்ணுவா? செஞ்சி போட்டா. துன்னது அவங்க. நீ வாயில வெக்கலதான? வெக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு, இவன நான் பாத்துக்கறேன். சொல்லுடி."

அம்மாவின் கண் கெஞ்சியது. பொய்யானாலும் பரவாயில்லை, சொல்லித் தொலையேன் என்று கெஞ்சியது. ஸ்வர்ணலதாவுக்கு அது புரியாமல் இல்லை. சொல்லிவிட்டால் மாவை எண்ணெயில் விடலாம். நைனாவுக்குப் போய்ச் சேரும். அதற்காகத்தானே பதினாறு நாள். வாயைத் திறந்தாள். எதிரில் இலை போட்டு, விளக்கேற்றி, அவர் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருந்தது. அவருக்குப் போடுகிற வடையைப் பொய் சொல்லிவிட்டுப் போட அவளுக்கு வரவில்லை.

"உப்பு பாத்தேம்மா" என்றாள். "ரெண்டு துண்டு."

சுந்தரம்மா எழுந்துகொண்டாள். "எந்திரி" என்றாள்.

அக்ஷயா அந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஸ்வர்ணலதா தட்டி வைத்த மாவை வழித்துத் தூரப் போட்டுவிட்டு, புது மாவை எடுத்தாள். அவளுக்கு வடை தட்டி அவ்வளவாகப் பழக்கமில்லை, முதல் வடை கோணலாக வந்து ஒரு பக்கம் கறுத்தது. அதைத்தான் படைத்தார்கள். ஸ்வர்ணலதா தண்ணீர்க் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள். இதற்கு மேலும் ஒருத்தியைத் தண்டிக்க முடியுமா? அவளை யாரும் அடிக்கவில்லை, போ என்று சொல்லவில்லை. பந்தியில் அவளுக்கும் இலை போட்டார்கள். கோவர்த்தனன் மருமகன் என்று முதல் வரிசையில் உட்கார்ந்து மூன்று வடை கேட்டு வாங்கித் தின்றான்.

திரும்பும்போது புத்தூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு ஸ்டாப் வரைக்கும் கோவர்த்தனன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு வடையே போட வர்ல" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "காரியம் முடிஞ்சிடுச்சி இல்ல? இனிமே சட்டி ஏத்தலாம்தான?" என்று கேட்டான்.

ஏற்றலாம். யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உளுந்தை ஊற வைத்தாள். சாயங்காலம் ஆட்டினாள். பதினாறு நாள் கவிழ்த்து வைத்திருந்த இரும்புச் சட்டியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் காய்ந்ததும் முதல் வடையை விட்டாள். மாவு ஒட்டாமல் கையை விட்டு நழுவி, வட்டமாகப் பூத்து, பொன்னிறமாக மேலே வந்தது. கரண்டியில் எடுத்து எண்ணெயை வடியவிட்டபடி நின்றாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மொத வடை எனக்கு" என்று பக்கத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான் கோவர்த்தனன்.

ஸ்வர்ணலதா வைத்தாள்.